எனக்குத் தெரியாத முகமா

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். பெஞ்சில் உட்காருங்கள். பையைக் கீழே வைக்கலாம், இங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். இது சங்க அலுவலகம். மில் ஓடிய காலத்தில் இந்த மாடியில் செருப்பு விட இடம் இருக்காது. இப்போது ஆட்டோ ஸ்டாண்டுத் தோழர்கள்தான் இருக்கிறார்கள். கீழே கேரம் விளையாடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பாருங்கள், நீங்கள் படியேறியதும் சத்தம் நின்றுவிட்டது. புது ஆள் வந்தால் கவனிப்பார்கள். பழக்கம்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தா வந்தீர்கள்? நல்லது. கிழக்கே பஸ் ஸ்டாண்டு, மேற்கே குளம், நடுவில் இந்த ஒரே தெரு. இந்த ஊரில் யாரும் வழி தவற முடியாது. குளத்தோடு ஊர் முடிந்தது, அதற்கு மேல் பாதை கிடையாது. எதிர் மாடியில் துருப்பிடித்த ஷட்டர் தெரிகிறதா? அதுதான் உங்கள் மாமா அருமைநாயகத்தின் எஸ்தர் ஸ்டூடியோ. அவர் ஜன்னல் அங்கே, என் ஜன்னல் இங்கே. ஒரு ஆயுள் முழுக்க எதிரும் புதிருமாக இருந்தோம். அவர் அதிகம் பேசமாட்டார். பார்ப்பார். இறந்துபோனார் என்று கேட்டதும் நான் போய் மாலை போட்டேன். சங்கத்தின் சார்பில் பெரிய மாலை.

சரி, புத்தகத்தைக் கொடுங்கள். அம்மாடி, செங்கல் மாதிரி கனக்கிறதே. இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்றீர்கள், மாதிரிப் பிரதிக்கே இவ்வளவு வழவழப்பா? நான் வாழ்நாளெல்லாம் அச்சடித்தது சாணித்தாளில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதுமென்று சொல்லிவிட்டார்கள், மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரம். படித்தேன், பிறகு எழுதினேன், பிறகு மற்றவர்களைப் படிக்க வைத்தேன். அதனால்தான் எனக்கு வீட்டுப் பேச்சே வராது. எப்போதும் மேடைப் பேச்சுத்தான். என் சம்சாரம் சொல்வாள், ‘சோறு கேக்கதுக்கும் தீர்மானம் போடுதீகளே’ என்று. போய்விட்டாள் அவளும்.

நல்ல படங்கள். இல்லையென்று சொல்லமாட்டேன். கல்யாணம், காதுகுத்து, பூப்பு. இது மரக்கடைக்காரர், இறந்தபிறகு நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தது. குடும்பம் சுற்றி நிற்கிறது, பேரப்பிள்ளை மட்டும் தாத்தா விழித்திருக்கிறார் என்று நினைத்துச் சிரிக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒரு ஏழைக்கு ஒரே படம்தான் தம்பி, அதுவும் செத்தபிறகு எடுப்பது. வாய் திறக்காமல் இருக்க நாடிக்கட்டு கட்டி, மாலை போட்டு, நாற்காலியில் சாய்த்து. உங்கள் மாமா அதில் கெட்டிக்காரர். மூடிய கண்ணைப் பென்சிலால் திறந்துவிடுவார்.

முந்நூறு பக்கம் இருக்குமா? இதில் நான் எத்தனை இடத்தில் இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே வருகிறேன். மே தின ஊர்வலத்தில் முதுகு. கொடியேற்றத்தில் கொடிக்கயிறு என் முகத்தை மறைக்கிறது. உண்ணாவிரதப் பந்தலில் நான் படுத்திருக்கிறேன், தெரிவது கால்தான். இந்த ஊரில் மூவாயிரம் தொழிலாளியை ஒன்று சேர்த்தவனுக்கு ஒரு கால், ஒரு முதுகு, ஒரு கயிறு. போகட்டும். வரலாறு தனிமனிதனுக்காக நிற்பதில்லை. ஆனால் சாராயக்கடைக்காரனுக்கு முழுப்பக்கம் கொடுத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

இசக்கி! தம்பிக்கு டீ சொல்லு.

நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவன் இல்லை. போன வாரம் இசக்கியின் போனுக்கு இரண்டு படம் அனுப்பி, இதில் இருப்பவர்கள் யார் யார், படத்தின் கீழே பெயர் போட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள் என்றேன். வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். அந்த இரண்டு படமும் புத்தகத்தில் வரக்கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். கேட்க உரிமை இருக்கிறது. வருகிற வழியில் சிலையைப் பார்த்திருப்பீர்களே, மில் வாசலில், தியாகி பலவேசம். மில்லை இடித்தாகிவிட்டது. நிலத்தை அடுக்குமாடிக்காரனுக்கு விற்றாகிவிட்டது. வேப்பமரத்தைக்கூட வெட்டிவிட்டான். அந்தச் சிலையை மட்டும் அவனால் அசைக்க முடியவில்லை. கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. எங்களுக்கு இந்த ஊரில் மிச்சமிருப்பது அந்தச் சிலையும் அதைச் சுற்றியுள்ள நாலு அடி மண்ணும்தான். அந்த இரண்டில் முதல் படம், ஆயுத பூஜை குரூப் போட்டோ. அதன் பக்கத்திலேயே பலவேசத்தின் பெரிய படத்தையும் போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது படம், சிலைக்குக் கீழே ஒரு ஆள் நிற்கிறான். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? விவரம் தெரியாதவன் தப்பாக நினைப்பான். அடுக்குமாடிக்காரனின் வக்கீல் வேண்டுமென்றே தப்பாக நினைப்பான். சிலை போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

விவரம் சொல்கிறேன். சொல்லாமல் அனுப்பமாட்டேன்.

ஆள்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம். மில் வாசலில் போலீஸ் சுட்டது. மைக் செட்டுக்குப் பேட்டரி மாற்ற நான் அந்த நேரம் பார்த்து இந்தப் பக்கம் வரவேண்டியதாகிவிட்டது, இல்லாவிட்டால் முதல் குண்டு எனக்குத்தான். பலவேசம் விழுந்தான். ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவன், அதிர்ந்து பேசாதவன். உடலை எங்களிடம் தரவில்லை. போலீஸே கொண்டுபோய் எரித்துவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுக்கவும் வழியில்லை. மறுநாள் ஊர்வலம். படம் இல்லாமல் என்ன ஊர்வலம்? அவன் வீட்டில் கேட்டால் ஒரு படமும் கிடையாது, கல்யாணப் படம்கூட. அவன் மனைவி கோமு, அழுதுகொண்டே தகரப்பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. எனக்குத்தான் வந்தது, வேறு யாருக்கும் வரவில்லை. மில்லில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பகுதி பகுதியாகக் குரூப் போட்டோ எடுப்பார்கள். இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, முன்னால் ஒரு வரிசை தரையில், ஒரு வரிசை நாற்காலியில், பின்னால் இரண்டு வரிசை பெஞ்சுமேல். எடுப்பவர் உங்கள் மாமா. அந்தப் படம்தான் இது, நீங்கள் போட்டிருப்பது. ஓடிப்போய் ஸ்டூடியோவில் நெகட்டிவைத் தேடச் சொன்னேன். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பிரிண்டும் போட்டுக் காட்டினார்.

“இதுல பலவேசம் யாரு அண்ணாச்சி?”

விரலை வைத்தேன். மூன்றாம் வரிசை, தூணுக்குப் பக்கம்.

அவர் லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தார். “இவரா? இவருக்குப் பக்கத்துல ஒருத்தர் படம் எடுக்கையில தலையத் திருப்பிட்டாரு, முகம் கலங்கிக் கெடக்கு. அவரு இல்லையே?”

“மூவாயிரம் பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடுதவன் நான். எனக்குத் தெரியாத முகமாவே?”

பிறகு அவர் பேசவில்லை. நான் சொன்னேனே, பேசமாட்டார். பெரிதாக்கினார், தலை சீவிவிட்டார், மீசையைக் கொஞ்சம் எடுப்பாக்கினார், கிழிந்த பனியனை மறைத்துச் சட்டை போட்டுவிட்டார். கம்பீரமான படம். நானே கொண்டுபோய்க் கோமுவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். “இது அவுக இல்லையே” என்றாள். துக்கத்தில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் சொல்வாள் தம்பி. அவர் சாகவில்லை, இது அவர் இல்லை என்று. “அவுகளுக்கு எடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்குமே அண்ணாச்சி” என்றாள். அதற்கென்ன, உங்கள் மாமாவிடம் சொல்லிப் புருவத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் செய்தேன். மறுபடி காட்டினேன். மாலையை வாங்கிப் போட்டாள். பிறகு வருஷா வருஷம் அவள்தான் முதல் மாலை போட்டாள். சாகும்வரை ஒரு தடவைகூடச் சிலையின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவ்வளவு துக்கம் அவளுக்கு.

டீ வந்துவிட்டது, குடியுங்கள். இசக்கி, நீ இங்கேயே நில். வாசலை மறைக்காதே, கொஞ்சம் தள்ளி நில்.

படத்தைச் சுவரொட்டியாக அடித்து ஊரெல்லாம் ஒட்டினோம். இரண்டு நாள் கழித்துத் தளவாய் இந்த மாடிக்கு வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்ச். தளவாய் யாரென்றால், கருங்காலி. வேலைநிறுத்தத்தின்போது பின் வாசல் வழியாக வேலைக்குப் போன பதினோரு பேரில் ஒருவன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காரணம் சொன்னான். எல்லாக் கருங்காலிக்கும் வீட்டில் காய்ச்சல்தான். அப்படிப்பட்டவன் வந்து அழுகிறான்.

“அண்ணாச்சி, அது எம் மூஞ்சி. ஆயுத பூஜையன்னைக்கு நான்தான் பலவேசத்துக்குப் பக்கத்துல நின்னேன். உசுரோட இருக்கவன் படத்துக்கு மால போட்டிருக்கீகளே. எம் பொண்டாட்டி அந்தச் சொவத்தப் பார்த்துட்டுச் சோறு திங்காமக் கெடக்கா. தெருவுல பொம்பளைக அவளை எழவுத் துட்டி கேக்கணுமான்னு கேலி பேசுதாளுக. கிழிச்சுப் போட்டுருங்க அண்ணாச்சி, உங்க கால்ல விழுதேன்.”

விழுந்தான். நான் எழுப்பவில்லை. ஆனால் பொறுமையாகத்தான் பேசினேன். “உனக்குப் புருவத்துல தழும்பு இருக்காவே? படத்துல இருக்கவருக்கு இருக்கு. கோமுவே சொன்ன அடையாளம் அது. பெறகு எப்படி நீயாகும்?” என்று கேட்டேன். தர்க்கத்துக்கு முன்னால் கண்ணீர் நிற்காது. பிறகு நானே ஒரு வழி சொன்னேன், பெருந்தன்மையோடு சொன்னேன். “ஊருல பேச்சு வருதுன்னா தாடி வளர்த்துக்கோ.” வளர்த்துக்கொண்டான். அதோடு விஷயம் முடிந்திருக்கவேண்டும்.

என்ன தம்பி? பலவேசமா, தளவாயா, எது உண்மை என்கிறீர்களா? நான் படித்த ஒரு பிரசுரத்தில் இருந்தது: உண்மை என்பது எவனோ ஒருவனின் மூக்கும் கண்ணும் அல்ல, அது வர்க்கத்தின் தேவை. என்ன அழகான வரி. இந்த ஊரில் குழந்தைகளுக்கு அந்த முகத்தைக் காட்டித்தான் பலவேசம் என்று பெயர் வைத்தார்கள். ஊர்வலத்தில் அந்த முகத்தின் பின்னால்தான் நடந்தார்கள். மூவாயிரம் பேர் ஒரு முகத்தைப் பலவேசம் என்றால் அது பலவேசம்தான். எவனோ ஒரு கருங்காலி அதைத் தன் முகம் என்றால், திருடன் யார்? அவன்தான் திருடன். என் கேள்வி ஒன்றுதான். பலவேசம் முகத்தை இவன் ஏன் வைத்திருந்தான்?

அடுத்த வருஷம் அந்தப் படத்தைப் பார்த்துச் சிலை வடித்தோம். திறப்புவிழாவுக்குப் பத்து ஊர்க் கூட்டம். நான் மேடையில் பேசிக்கொண்டிருக்கிறேன், கூட்டத்தில் சிரிப்பு. நான் சிரிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. பார்த்தால், சிலைக்குக் கீழே தளவாய் நிற்கிறான். தாடியை வழித்திருக்கிறான். வெள்ளைச் சட்டை, தலை சீவி, சிலை நிற்கிற மாதிரியே வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். எதிரே உங்கள் மாமா, கேமராவோடு. “எடுங்க அண்ணாச்சி, நான் செத்துப்போகலன்னு ஒரு அத்தாட்சி வேணும்” என்று தளவாய் கத்துகிறான். சின்னப் பிள்ளைகள் ‘ஏ, செலைக்கு உசுரு வந்துட்டு’ என்று கைதட்டுகிறார்கள். என் பேச்சை யாரும் கேட்கவில்லை. இரண்டு இரவு உட்கார்ந்து எழுதிய பேச்சு.

உங்கள் இரண்டாவது படம் அதுதான். கீழே இருப்பவன் பெயர் தளவாய். மேலே இருப்பவர் தியாகி. பெயர் கேட்டீர்களே, சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் இங்கே தோழர்கள் கூடினார்கள். ஆளாளுக்குக் கொதித்தார்கள். நான் யாரையும் தூண்டவில்லை. என் வாழ்நாளில் வன்முறையை நான் ஆதரித்ததில்லை, என் பிரசுரங்களை எடுத்துப் பாருங்கள். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “அந்த மூஞ்சி இந்த ஊருல ரெண்டு இருக்கக் கூடாது.” அவ்வளவுதான். அது ஒரு கருத்து. கருத்துச் சொல்லக்கூட உரிமை இல்லையா?

தோழர்கள் அவனைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். இசக்கியும் இன்னொருவரும். இல்லையா இசக்கி? ஆமாம் என்கிறான் பாருங்கள். தூத்துக்குடி பஸ். ஏறும்போது இடது புருவத்தில் காயமாம், ரத்தம் வந்ததாம். பஸ் கதவில் இடித்திருக்கும், அந்தக் காலத்துப் பஸ் அப்படி. அதன் பிறகு அவன் இந்த ஊருக்கு வரவில்லை. மானமுள்ளவன் எப்படி வருவான்? கடிதமும் போடவில்லை. அவன் மனைவி கொஞ்ச காலம் பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு தூத்துக்குடி பஸ்ஸையும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். இன்றுவரை பொட்டு வைத்துக்கொண்டுதான் இருக்கிறாளாம். அவன் எங்கேயோ நன்றாக இருக்கிறான் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உங்கள் மாமா அதற்குப் பிறகு சங்கத்து நிகழ்ச்சி எதையும் படம் எடுக்கவில்லை. கூப்பிட்டால் ‘லென்ஸ் சரியில்ல’ என்பார். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் சரியாக இருந்த லென்ஸ். நான் கோபப்படவில்லை. யாரும் அவர் கடைக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். கடைசிக் காலத்தில் கஷ்டப்பட்டார் என்று கேள்வி. கலைஞர்களுக்கு நிர்வாகம் போதாது.

ஆகவே அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அருமையான படங்கள், நானே முன்னுரை எழுதித் தருகிறேன்.

என்ன? முடியாதா?

மாமா சாகும்போது இதைத்தான் சொன்னாரா? ‘எல்லாத்தையும் போடு, ஒண்ணையும் விட்டுராத’ என்றா? பேசாதவர் கடைசியில் பேசியிருக்கிறார். சரி தம்பி, நீங்கள் படித்தவர். கேட்டுக்கொள்வது மட்டும்தான் என் வேலை. ஒன்று சொல்லுங்கள். நெகட்டிவ் எல்லாம் எங்கே இருக்கிறது? சென்னையிலா?

கீழே இருந்த பையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டீர்கள். போதும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறீர்கள். மரியாதை தெரிந்த பிள்ளை.

பொறுங்கள், கடைசிப் பக்கங்களை இன்னும் பார்க்கவில்லை. இது என்ன? இது எனக்கு நீங்கள் அனுப்பாத படம். நம் தெரு. மேலேயிருந்து எடுத்தது. ஸ்டூடியோ ஜன்னலிலிருந்துதான் எடுத்திருக்கவேண்டும். பொழுது சாய்கிற நேரம், நிழல் நீளமாக விழுந்திருக்கிறது. தெருவில் மூன்று பேர் போகிறார்கள், முதுகு மட்டும் தெரிகிறது. நடுவில் போகிறவனுக்கு வெள்ளைச் சட்டை. இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவன் கையைப் பிடித்திருக்கிறார்கள். சிநேகிதர்கள் போல இருக்கிறது.

இவர்கள் மேற்கே போகிறார்கள்.

கீழே எழுதவேண்டிய பெயரா? முதுகை வைத்து எப்படிச் சொல்வது? இசக்கி, நீ பார்க்கவேண்டாம், அங்கேயே நில். எந்த வருஷத்துப் படமோ. யார் யாரோ குளத்துக்குக் குளிக்கப் போயிருப்பார்கள். வெள்ளைச் சட்டையோடு குளிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

எங்கே காட்டுகிறீர்கள்? மூலையிலா? ஆமாம், இந்த மாடிதான். இந்த ஜன்னல்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்று அவர்கள் போவதைப் பார்க்கிறான். முகம் நன்றாகத் தெரிகிறது, உங்கள் மாமா கெட்டிக்காரர், அதுதான் சொன்னேனே. வெளிச்சம் நேராக முகத்தில் விழுகிறது. கண், மூக்கு, நரை விழாத மீசை, எல்லாம் தெளிவாக இருக்கிறது.

தெரியவில்லை தம்பி.

இல்லை, நன்றாகப் பார்த்துத்தான் சொல்கிறேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்துவிட்டேன். சங்க அலுவலகத்துக்கு எத்தனையோ பேர் வருவார்கள், போவார்கள். யாராகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

டீயை ஏன் அப்படியே வைத்துவிட்டீர்கள்? ஆறிவிட்டது. எழுந்துவிட்டீர்களா? ஆமாம், பொழுது சாய்கிறது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புத்தகம் இங்கே இருக்கட்டும், நான் நிதானமாகப் பார்க்கவேண்டும். இசக்கி, தம்பியின் பையை நீ வாங்கிக்கொள். கொடுங்கள் தம்பி, அவன் சுமப்பான். கீழே கேரம் ஆடுகிற கணபதியையும் கூட்டிக்கொள். தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டு வாருங்கள்.

வேண்டாம், வழி தெரியும் என்கிறீர்கள்.

தளவாய்க்கும் வழி தெரியும் தம்பி. அவன் பிறந்த ஊர் இது.